நாதத்தை அளந்த துறவி
மெர்சென் அடிகளாரின் வாழ்வும் பணியும்

வாசகரே, மழைக்கால இரவொன்றில் மின்னல் வெட்டியதும், இடி முழங்கும் வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று செக்கன் கழித்து இடி கேட்டால், மின்னல் வெட்டிய இடம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது என்று கொள்ளலாம். ஒளி வந்து சேர எடுக்கும் நேரம் கணக்கில் எடுக்க வேண்டாத அளவு சிறிது. ஒலியோ காற்றைத் தள்ளித் தள்ளி ஆறுதலாகவே வருகிறது. இந்தக் கணக்கு இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆனால் ஒலிக்கு ஒரு வேகம் உண்டு, அந்த வேகத்தை அளந்து இலக்கத்தில் எழுதலாம் என்பதை உலகம் எப்போதும் அறிந்திருக்கவில்லை. ஒரு சுரத்துக்கும் மற்றொரு சுரத்துக்கும் உள்ள வேறுபாடு வெறும் எண்ணிக்கை வேறுபாடே என்பதையும் அறிந்திருக்கவில்லை. இவற்றை அளந்து, எழுதி, அச்சிட்டு உலகுக்கு அளித்தவர்களுள் முதன்மையானவர் ஒரு துறவி. மடத்து அறையொன்றில் வாழ்ந்து, தினமும் பூசை செய்து, இறைச்சியும் பாலும் தொடாமல் நோன்பு காத்த குருவானவர். அவர் பெயர் மரீன் மெர்சென். ஒலியியலின் தந்தை என்று அறிஞர் இவரை அழைப்பதுண்டு. அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம்.

உழவர் வீட்டுப் பிள்ளை

1588ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி, பிரான்ஸ் நாட்டின் மேய்ன் மாகாணத்தில், உவாசே என்னும் சிற்றூருக்கு அருகில் மெர்சென் பிறந்தார். பெற்றோர் எளிய உழைப்பாளிகள். நிலபுலமோ பட்டமோ இல்லாத குடும்பம். எனினும் பிள்ளை படிக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். முதலில் லு மான் நகரத்துக் கல்லூரியிலும், பின்னர் யேசு சபையினர் 1604இல் லா பிளேஷ் நகரில் தொடங்கிய புதிய கல்லூரியிலும் அவர் கற்றார். பிற்காலத்தில் பெரும் தத்துவ ஞானியாகப் பேரெடுத்த டேக்கார்ட்டும் அதே கல்லூரியின் மாணவரே. ஆனால் அவர் மெர்சென்னுக்கு எட்டு வயது இளையவர். இருவருடைய உயிர் நட்பு பின்னாளில் பாரிஸ் நகரில் மலர்ந்தது.

லா பிளேஷில் படிப்பை முடித்த மெர்சென் பாரிஸ் சென்று சோர்போனில் வேதசாஸ்திரம் கற்றார். 1611இல் மினிம் சபையில் சேர்ந்தார். மினிம் என்றால் மிகச் சிறியவர் என்று பொருள். பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ் 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் நிறுவிய சபை அது. தபசு காலத்தின் ஒறுத்தலை ஆண்டு முழுவதும் கடைப்பிடிப்பது அச்சபையாரின் விரதம். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் அவர்கள் உணவில் இல்லை. குருப்பட்டம் பெற்ற மெர்சென் சில ஆண்டுகள் நெவேர் நகரிலே தத்துவமும் வேதசாஸ்திரமும் கற்பித்தார். 1619இல் பாரிசுக்குத் திரும்பி, அரச சதுக்கத்துக்கு அருகில் இருந்த தம் சபையின் மடத்தில் தங்கினார். இடையே சில பயணங்கள் தவிர, இறக்கும்வரை அம்மடமே அவருடைய வீடு.

வாதத்தில் தொடங்கியவர்

தொடக்கத்தில் மெர்சென் ஆராய்ச்சியாளர் அல்லர், வாதப் போராளி. அந்த நாட்களில் பாரிஸ் நகரில் கடவுளே இல்லை என்பவர்களும், மந்திரம், சோதிடம், மறைஞானம் என்று பேசுபவர்களும் மலிந்திருந்தார்கள். விசுவாசத்துக்கு இது ஆபத்து என்று கருதிய இளந்துறவி, 1623இல் ஆதியாகமத்துக்கு ஒரு மாபெரும் விளக்க நூல் எழுதி, எல்லோரையும் ஒரே மூச்சில் எதிர்த்தார். கிரகங்களின் இசை, எண்களின் மாயசக்தி என்று எழுதிவந்த ரொபேட் பிளட் என்னும் ஆங்கிலேய வைத்தியரும் அந்த அடிக்குத் தப்பவில்லை. பிளட் கடுமையாகப் பதிலடி கொடுத்தார். சண்டை பல ஆண்டுகள் நீடித்தது.

இந்தச் சண்டையில் ஒன்றை மெர்சென் கண்டுகொண்டார். ஒருவர் இசைக்குத் தெய்வீக எண்கள் உண்டு என்கிறார். மற்றவர் இல்லை என்கிறார். இருவரும் பழைய நூல்களையே சான்று காட்டுகிறார்கள். சத்தம் உயர்கிறதே அன்றி வழக்குத் தீரவில்லை. இதற்கு முடிவு என்ன? ஒரு தந்தியைக் கட்டி, நீளத்தை அளந்து, பாரத்தைத் தொங்கவிட்டு, காதால் கேட்டுப் பார்ப்பதே. உண்மை யார் பக்கம் என்பதைத் தந்தியே சொல்லும். சந்தேகவாதிகளுக்கும் அதுவே நல்ல பதில். மனிதனால் எதையும் நிச்சயமாக அறிய முடியாது என்பவனிடம், இதோ இந்த அளவை நீயும் அளந்து பார், ஒன்றாகவே வரும் என்று காட்டலாம் அல்லவா? 1625இல் அவர் வெளியிட்ட நூலுக்கு அறிவியல்களின் உண்மை என்று பெயரிட்டதும் இந்த நோக்கத்தோடுதான்.

சுத்தியல் கதை

இசை பற்றிப் பல நூற்றாண்டுகளாக ஒரு கதை சொல்லப்பட்டு வந்தது. கிரேக்க ஞானி பைதகரஸ் ஒரு கொல்லன் பட்டறையைக் கடந்து போகையில், சுத்தியல்கள் இனிய சுரங்களில் ஒலித்தனவாம். நிறுத்துப் பார்த்தபோது அவற்றின் நிறைகள் 12, 9, 8, 6 என்னும் விகிதத்தில் இருந்தனவாம். அதே நிறைகளைத் தந்திகளில் கட்டித் தொங்கவிட்டபோதும் அதே சுரங்கள் கேட்டனவாம். 12க்கும் 6க்கும் உள்ள விகிதம் இரண்டு மடங்கு ஆகையால் ஒரு முழு ஸ்தாயி வித்தியாசம் என்று கதை முடிகிறது.

அழகான கதை. பெரியவர்கள் பலர் அதைத் தங்கள் நூல்களில் எழுதி வைத்தார்கள். ஆனால் கட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? கலிலியோவின் தந்தையாகிய வின்சென்சோ கலிலேயி என்னும் இசைவாணர் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிப் பார்த்தார். நிறையை இரண்டு மடங்காக்கினால் ஸ்தாயி உயரவில்லை. நான்கு மடங்காக்க வேண்டியிருந்தது. மெர்சென்னும் சோதித்து, பைதகரஸ் கதை பிழை என்று 1634இல் அச்சில் எழுதினார். ஒரு நூற்றாண்டு இரு நூற்றாண்டல்ல, பல நூற்றாண்டுகள் மதித்த ஒரு செய்தியைப் பிழை என்று சொல்ல எத்தனை துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

தந்தியின் மூன்று விதிகள்

பிழையைக் காட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. சரி எது என்பதையும் வகுத்தார். 1636, 1637ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட அனைத்துலக இசையிணக்கம் என்னும் பெருநூலில் தந்திகளுக்கான விதிகள் இடம்பெற்றன. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நூல் அது. அறிஞர்களின் இலத்தீனில் அல்லாது, வாத்தியம் செய்வோரும் வாசிப்போரும் விளங்கக்கூடிய பிரெஞ்சு மொழியில் எழுதினார்.

அவ்விதிகளை உங்கள் வீட்டு வயலினையோ வீணையையோ கொண்டே விளங்கிக்கொள்ளலாம். முதலாவது நீளம். தந்தியைச் சரி நடுவில் அழுத்திப் பாதி நீளமாக்கி மீட்டினால், அது செக்கனுக்கு இரண்டு மடங்கு தடவை அதிரும். சுரம் ஒரு ஸ்தாயி உயரும். மூன்றில் ஒரு பங்காக்கினால் மூன்று மடங்கு. ஆகவே அதிர்வின் எண்ணிக்கை நீளத்துக்கு நேர்மாறு விகிதமாகும்.

இரண்டாவது இழுவை. முறுக்காணியைத் திருகத் திருகச் சுரம் ஏறுகிறது. ஆனால் நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. இழுவையை நான்கு மடங்காக்கினால் அதிர்வு இரண்டு மடங்கு, ஒன்பது மடங்காக்கினால் மூன்று மடங்கு. அதாவது அதிர்வு இழுவையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. சுத்தியல் கதை பிழைத்த இடம் இதுதான்.

மூன்றாவது தந்தியின் பாரம். ஒரே நீளமும் ஒரே இழுவையும் உள்ள இரு தந்திகளுள், மீற்றருக்கு நான்கு மடங்கு பாரமுள்ளது பாதி வேகத்திலேயே அதிரும். வயலினின் அடித் தந்தியில் மெல்லிய கம்பி சுற்றப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தந்தி விறைத்துப் போகாமல் அதன் பாரத்தைக் கூட்டித் தாழ்ந்த சுரத்தைப் பெறுவதற்கான உபாயம் அது. நீளத்தை மட்டும் கொண்டு அவ்வளவு தாழ்ந்த சுரத்தைப் பெறுவதானால், வாத்தியத்தைக் கையில் ஏந்தி வாசிக்க முடியாது.

இன்று உலகெங்கும் பௌதிக வகுப்புகளில் இவை மெர்சென் விதிகள் என்றே கற்பிக்கப்படுகின்றன. நீளம் பற்றிய விதியை ஒல்லாந்து அறிஞர் பீக்மன் அவருக்கு முன்னரே ஆராய்ந்திருந்தார். 1630இல் மெர்சென் ஒல்லாந்து சென்றபோது அவரைச் சந்தித்தார். கலிலியோவும் தனியாகவே இவ்விதிகளைக் கண்டு 1638இல் வெளியிட்டார். ஆனால் மூன்று விதிகளையும் ஒன்றாக அச்சில் முதலில் தந்தவர் மெர்சென்னே.

கண்ணால் எண்ணிய சுரம்

இங்கே ஒரு கேள்வி எழும். தந்தி செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று எப்படி அறிவது? கண்ணுக்கு அது ஒரு மங்கலான பட்டையாகவே தெரிகிறது. எண்ணுவதற்கு எந்தக் கருவியும் அன்று இல்லை. செக்கனை நம்பத்தக்கதாகக் காட்டும் மணிக்கூடு கூட இல்லை.

மெர்சென் கண்ட வழி எளியது. பல பத்தடி நீளமுள்ள தந்திகளையும் கயிறுகளையும் இழுத்துக் கட்டினார். அத்தனை நீளமான தந்தி ஆறுதலாகவே ஊசலாடும். ஒன்று, இரண்டு என்று கண்ணால் எண்ணலாம். காதுக்கு அது கேட்காது, ஏனெனில் அவ்வளவு மெதுவான அதிர்வு ஒலியாகாது. இப்போது நீள விதியைப் பயன்படுத்துங்கள். உதாரணமாக, 100 அடித் தந்தி செக்கனுக்கு 2 முறை அதிருமானால், அதே இழுவையில் 10 அடித் தந்தி 20 முறையும், 5 அடித் தந்தி 40 முறையும், இரண்டரை அடித் தந்தி 80 முறையும் அதிர வேண்டும். அந்த இரண்டரை அடித் தந்தியோ காதுக்கு நன்றாகக் கேட்கும். காணத்தக்க அதிர்விலிருந்து கேட்கத்தக்க சுரத்துக்கு இப்படி ஒரு பாலம் போட்டார் அடிகளார்.

இந்த வழியால், செக்கனுக்கு 84 முறை அதிரும் ஒரு சுரத்தை அவர் இனங்கண்டார். கேட்கத்தக்க ஒரு சுரத்தின் மீடிறனை மனிதர் இலக்கத்தில் சொன்னது அதுவே முதல் தடவை. அதுவரை, ஒரு சுரம் மற்றதைவிட உயர்ந்தது அல்லது தாழ்ந்தது என்றே சொல்ல முடிந்தது. இப்போது ஒவ்வொரு சுரத்துக்கும் அதற்கே உரிய எண் கிடைத்தது. நல்ல செவியுள்ள மனிதர் செக்கனுக்கு ஏறக்குறைய 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கிறோம் என்று இன்று சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்கெல்லாம் தொடக்கம் இது.

நேரத்தை அளக்க அவர் ஊசலைப் பயன்படுத்தினார். ஒரு வீச்சுக்குச் சரியாக ஒரு செக்கன் எடுக்கும் ஊசலின் நீளத்தை அளந்தவர்களுள் அவர் முன்னோடி. அந்நீளம் ஏறக்குறைய ஒரு மீற்றர். பெரிய வீச்சுக்கும் சிறிய வீச்சுக்கும் ஊசல் எடுக்கும் நேரம் முற்றிலும் ஒன்றல்ல என்பதையும் அவர் கவனித்தார்.

ஒரு தந்தியில் பல குரல்

அவரைத் திகைக்க வைத்த விடயம் ஒன்று உண்டு. அமைதியான வேளையில் ஒரு தடித்த தந்தியை மீட்டிவிட்டுக் கூர்ந்து கேட்டபோது, அதன் சொந்தச் சுரத்தோடு வேறு மெல்லிய சுரங்களும் கேட்டன. ஒன்று ஸ்தாயி மேலே, மற்றொன்று அதற்கும் மேலே. நீங்களும் இரவின் அமைதியில் கோவில் மணி ஓய்ந்துகொண்டு போகும்போது கேட்டுப் பாருங்கள். ஒரே மணியிலிருந்து பல குரல்கள் பிரிந்து வருவது புலப்படும்.

ஒரே தந்தி ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று வேகங்களில் அதிர்வது எப்படி? மெர்சென்னுக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் மூடி மறைக்காமல் தம் திகைப்பையும் எழுதி வைத்தார். நண்பர்களிடமும் கேட்டார். ஒருவரிடமும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. தந்தி முழு நீளமாகவும், அதே வேளையில் இரண்டு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும் அதிர முடியும் என்பதை 1701இல் தெளிவாக்கியவர் ஜோசப் சோவேர் என்னும் பிரெஞ்சு அறிஞர். சிறு வயதில் நெடுநாள் பேச்சு வராதிருந்தவர் அவர். அவரே ஒலியியல் என்னும் துறைக்குப் பிரெஞ்சில் பெயரும் சூட்டினார். வீணையின் குரலும் புல்லாங்குழலின் குரலும் ஒரே சுரத்திலும் வேறுபட்டுக் கேட்பது இந்த மேற்றொனிகளின் கலப்பினாலேயே.

துப்பாக்கியும் எதிரொலியும்

இனி ஒலியின் வேகத்துக்கு வருவோம். ஒலி என்பது காற்றின் அசைவு என்பதை மெர்சென் அறிந்திருந்தார். தந்தி முன்னும் பின்னும் அசையும்போது அருகிலுள்ள காற்றை நெருக்கியும் தளர்த்தியும் விடுகிறது. அந்த நெருக்கம் பக்கத்துக் காற்றுக்குக் கைமாறுகிறது. சன நெரிசலில் பின்னால் நிற்பவர் தள்ள, அந்தத் தள்ளல் ஆளுக்காள் பரவி முன்வரிசைக்கு வருகிறதல்லவா? ஆட்கள் தத்தம் இடத்திலேயே நிற்கிறார்கள், தள்ளல் மட்டுமே பயணம் செய்கிறது. ஒலியும் அவ்வாறே. பாடுபவருடைய வாயிலிருந்து புறப்பட்ட காற்றே நம் காதுக்கு வருவதில்லை. அது கொடுத்த அசைவுதான் வருகிறது.

அந்த அசைவின் வேகத்தை அறிய மெர்சென் இரு வழிகளைக் கையாண்டார். முதலாவது துப்பாக்கி. தூரத்தில் ஒருவர் வெடி தீர்க்க, தீச்சுடர் தெரிந்ததற்கும் ஓசை கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளப்பது. இதில் அவருக்குச் செக்கனுக்கு 1,380 பாரிஸ் அடி என்று விடை கிடைத்தது. இன்றைய அளவில் ஏறக்குறைய 448 மீற்றர். உண்மையான வேகம் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 343 மீற்றர். ஆகவே விடை மிகக் கூடிவிட்டது. காரணம் எளிது. ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு ஒலி எடுப்பது ஏறக்குறைய 2.9 செக்கன். அதை 2.2 செக்கன் என்று அளந்துவிட்டால் வேகம் 450 மீற்றருக்கு மேல் வந்துவிடும். முக்கால் செக்கனுக்கும் குறைந்த தவறு அவ்வளவு பெரிய பிழையைத் தந்துவிடுகிறது.

இரண்டாவது வழி எதிரொலி. இதில் அடிகளாருடைய கருவி அவருடைய சொந்த நாக்கே. தெளிவாகப் பேசும் ஒருவர் ஒரு செக்கனில் ஏழு அசைகளை உச்சரிக்கலாம் என்று அவர் கண்டார். ஒரு பெரிய சுவருக்கு எதிரே நின்று அந்த அசைகளைச் சொல்லி முடிக்கையில், முதல் அசையின் எதிரொலி காதுக்கு வந்து சேருமாறு தூரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால், ஒலி போய்வர எடுத்த நேரம் ஒரு செக்கன் என்றாகிறது. சுவர் ஏறக்குறைய 170 மீற்றர் தூரத்தில் இருந்தால் இது நிகழும் என்று இன்று நாம் கணக்கிடலாம். இந்த வழியால் அவர் கண்ட வேகம் உண்மைக்குப் பத்து சதவீதத்துக்கும் குறைந்த பிழையோடு நெருங்கியிருந்தது. வெடிமருந்தும் துப்பாக்கியும் தராத துல்லியத்தை உச்சரித்த சொற்கள் தந்தன.

அவருடைய நண்பரும் குருவானவருமாகிய கசெண்டி, பெரிய பீரங்கியின் கனத்த ஓசையும் சிறு துப்பாக்கியின் கீச்சுக் குரலும் ஒரே வேகத்திலேயே வருகின்றன என்று காட்டினார். அப்படி இல்லாவிட்டால் தூரத்தில் நின்று பாட்டுக் கேட்பவருக்குத் தாளமும் சுரமும் சிதறிப் போய்விடும் அல்லவா? நியூற்றன் 1687இல் ஒலியின் வேகத்தைக் கணக்கால் காண முயன்றார். அவர் விடை குறைவாக வந்தது. நெருக்கப்படும் காற்று சூடேறுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று லப்பிளாஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டிய பின்னரே கணக்கும் அளவையும் ஒத்துக்கொண்டன.

கலிலியோவின் வழக்கு

வாசகரே, மெர்சென் இவற்றைச் செய்த காலம் எப்படிப்பட்ட காலம் என்பதை மறக்கக் கூடாது. 1633இல் உரோமையில் கலிலியோ தீர்ப்பிடப்பட்டார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் கருத்தை அவர் கைவிட வேண்டியதாயிற்று. செய்தி கேட்ட டேக்கார்ட் அஞ்சி, தாம் எழுதி வைத்திருந்த நூலை அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார்.

மெர்சென் ஒரு துறவி. கீழ்ப்படிதல் அவருடைய வார்த்தைப்பாடு. அவர் என்ன செய்தார்? அடுத்த ஆண்டாகிய 1634இலேயே, கையெழுத்துப் பிரதியாக மட்டும் இருந்த கலிலியோவின் பொறியியல் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதே ஆண்டில் தாம் வெளியிட்ட மற்றொரு நூலில், தண்டிக்கப்பட்ட நூலின் ஒரு பகுதியைச் சுருக்கித் தந்தார். ஆனால் சில பிரதிகளில் அப்பகுதியை எடுத்துவிட்டு வேறு விடயங்களைச் சேர்க்கவும் வேண்டியிருந்தது. 1639இல் கலிலியோவின் இறுதிப் பெருநூலின் கருத்துகளையும் பிரெஞ்சு வாசகர்களுக்குக் கொடுத்தார்.

திருச்சபையோடு அவர் மோதவில்லை. கலிலியோவைக் கைவிடவும் இல்லை. அதேவேளை கலிலியோ சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ளவும் இல்லை. சாய்ந்த பலகையில் குண்டு உருட்டும் பரிசோதனையைத் தாமே செய்து பார்த்து, கலிலியோ தந்த அளவுகள் தமக்கு வரவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். மதிக்கும் மனிதரையும் சோதித்துப் பார்ப்பது துரோகமாகாது, அதுவே மெய்யான மரியாதை என்பது அவர் எண்ணம். கலிலியோவின் நீதிபதிகள் தவறிழைத்தனர் என்பதைப் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1992இல் ஒப்புக்கொண்டார். 358 ஆண்டுகளுக்கு முன்னர், தம் சின்னஞ்சிறு அறையிலிருந்து அந்த நூல்களை வாழ வைத்த துறவியை அப்போது எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

கடிதங்கள் நிறைந்த அறை

அந்நாட்களில் அறிவியல் சஞ்சிகை என்று ஒன்று இருக்கவில்லை. முதற் சஞ்சிகைகள் 1665இல்தான் தோன்றின. ஓர் அறிஞர் கண்டது மற்றவருக்குத் தெரிய வேண்டுமானால் யாராவது கடிதம் எழுத வேண்டும். அந்த யாராவது, பெரும்பாலும் மெர்சென்னே. ஒல்லாந்தில் ஒதுங்கி வாழ்ந்த டேக்கார்ட், துலூசில் இருந்த நீதிமன்ற அதிகாரி பெர்மா, இத்தாலியில் தொரிச்செல்லி, இங்கிலாந்தின் ஹொப்ஸ் என்று நாடெங்கும் அவருக்கு நண்பர்கள். ஒருவர் கேட்ட கேள்வியை மற்றவருக்கு அனுப்புவார். வந்த பதிலைப் பிரதி செய்து மூன்றாமவருக்கு அனுப்புவார். கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்று வேறுபாடு பாராட்டவில்லை. மத யுத்தங்களால் ஐரோப்பா இரத்தம் சிந்திக்கொண்டிருந்த நாட்கள் அவை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தின் கல்வின் சபைப் போதகர் ரிவேயும் அவருடைய கடித நண்பர்களுள் ஒருவர்.

1635 முதல் பாரிஸ் அறிஞர்கள் கிழமைதோறும் கூடிப் பேசும் ஒரு வட்டத்தையும் அவர் நடத்தினார். இளைஞர் பஸ்கால் தந்தையோடு அங்கு வந்து போனார். 1666இல் அமைந்த பிரெஞ்சு அறிவியற் கழகத்துக்கு இத்தகைய கூட்டங்களே வழி திறந்தன. 1644, 1645ஆம் ஆண்டுகளில் அடிகளார் இத்தாலிக்குச் சென்று, தொரிச்செல்லியின் இரசக் குழாய்ப் பரிசோதனையை அறிந்து வந்து பிரான்சில் பரப்பினார். பஸ்கால் வளியமுக்கம் பற்றிச் செய்த புகழ்பெற்ற ஆராய்ச்சிகள் அதிலிருந்தே கிளைத்தன. ஒல்லாந்தின் ஹைகன்ஸ் பதினேழு வயதுப் பையனாக இருந்தபோதே அவருக்குக் கடிதம் எழுதி, கடினமான கணக்குகளைக் கொடுத்து ஊக்கியவரும் மெர்சென்னே. ஹைகன்ஸ் பின்னாளில் ஊசல் மணிக்கூட்டை உலகுக்குத் தந்தார்.

கணித மாணவர்கள் மெர்சென்னின் பெயரை வேறொரு விதமாக அறிவார்கள். 2ஐப் பலமுறை தன்னால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் சில வேளைகளில் முதன்மை எண் வரும். 3, 7, 31, 127 என்பன அப்படிப்பட்டவை. 1644இல் மெர்சென் இவற்றுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் ஐந்து பிழைகள் இருந்தன: இரண்டு எண்கள் தவறாகச் சேர்ந்தன, மூன்று விடுபட்டன. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. 2024இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மெர்சென் முதன்மை எண்ணில் நான்கு கோடி பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன.

இறுதிக் காணிக்கை

1648ஆம் ஆண்டுக் கோடையில் அடிகளார் நோயுற்றார். நெஞ்சிலே சீழ்க்கட்டி. வைத்தியர்களால் குணப்படுத்த முடியவில்லை. நண்பர் கசெண்டி அருகில் இருந்தார். செப்டெம்பர் 1ஆந் திகதி, அறுபது வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், மெர்சென் கண்ணை மூடினார்.

இறக்கு முன் அவர் ஒரு விருப்பம் தெரிவித்தார். தம் உடலை அறுத்து ஆராய வேண்டும், அது மற்றவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவ்விருப்பம். வாழ்நாளெல்லாம் தந்தியையும் மணியையும் எதிரொலியையும் சோதித்தவர், முடிவில் தம்மையே சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். அவர் அறையைத் திறந்தபோது 78 பேர் அவருக்கு எழுதிய கடிதங்கள் அங்கே இருந்தன. 20ஆம் நூற்றாண்டில் அவருடைய கடிதத் தொடர்புகள் தொகுத்து அச்சிடப்பட்டபோது அவை 17 பாகங்களாக விரிந்தன.

மெர்சென் அளவில் தவறியதுண்டு. துப்பாக்கிக் கணக்கில் தவறினார், முதன்மை எண்களில் தவறினார், மேற்றொனியின் காரணத்தைக் காணவில்லை. ஆனால் தாம் அளந்த விதத்தையும் கண்ட விடையையும் மறைக்காமல் எழுதி வைத்ததால், பின்வந்தவர்கள் அவற்றைத் திருத்த முடிந்தது. விசுவாசத்தைக் காக்க வாதத்தில் இறங்கிய இளந்துறவி, உண்மைக்கு அஞ்சாதிருப்பதே விசுவாசத்துக்குச் செய்யும் பெரிய தொண்டு என்பதைத் தம் வாழ்நாளில் கற்றுக்கொண்டார். நூற்றுக்கணக்கானோர் ஒருவரையொருவர் கேளாமல் சத்தமிட்ட காலத்தில், அவர் நின்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு, கோவிலில் பாடகர் குழுவினர் பாட்டுத் தொடங்குமுன் வயலினின் தந்தியைத் திருகிச் சுருதி சேர்ப்பதைக் காண்பீர்கள். அந்தச் சிறு திருகலிலே மெர்சென் அடிகளாரின் இரண்டாம் விதி வேலை செய்கிறது. அன்று அவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.